பதினெட்டால் பெருக்கிய காலைகள்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பதினெட்டாம் வாய்ப்பாடு எல்லோருக்கும் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் அடித்துப் படிப்பித்தும் பதினாறைத் தாண்டாதவர்கள் நாங்கள். அதற்கு மேல் எங்களுக்குப் படிப்பித்தது கையளவு மிஷின் ஒன்று. ஐந்து பதினெட்டு தொண்ணூறு, ஆறு பதினெட்டு நூற்றெட்டு என்று, கையெழுத்து மட்டும் வைக்கத் தெரிந்த என் மாமி, என் கணவரின் தாய்கூட, குசினி அடுப்படியில் இருந்து சொல்லுவார். இன்றைக்கும் எங்காவது தொண்ணூறு என்ற எண்ணைக் கண்டால் எனக்குள் ஓர் ஆறுதல் வருகிறது. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு, வீட்டில் உள்ள எல்லோருடனும் கோபித்துக்கொண்டு நான் திரிந்த காலம் அது. அந்தக் கோபத்தைக்கூட இப்போது ஆசையோடுதான் நினைக்கிறேன்.

ஏ9 பாதை திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் பெட்டிகளோடு ஊருக்கு வந்து போகத் தொடங்கியிருந்தார்கள். அப்படி வந்த ஒருவரிடம் என் கணவரின் அக்கா கனடாவில் இருந்து ஒரு பொதி கொடுத்துவிட்டார். சொக்கிலேற், இரண்டு சேர்ட், வாசனைச் சவர்க்காரம், இவற்றுக்கு நடுவில் துவாயில் சுற்றிய மிஷின். விரல் நுனியில் ஊசியால் குத்தி, வருகிற இரத்தத் துளியைச் சின்னப் பட்டி ஒன்றில் தொட வைத்தால், இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று அது காட்டும். ஆனால் கனடாக் கணக்கில்தான் காட்டும். ஐந்து தசம் இரண்டு, ஆறு தசம் ஒன்று என்று கஞ்சத்தனமாகச் சொல்லும். எங்கள் கிளினிக் டொக்டரின் கணக்கு தொண்ணூறு, நூறு என்று போவது. கனடாக் கணக்கைப் பதினெட்டால் பெருக்கினால் டொக்டரின் கணக்கு வரும். இப்படித்தான் அந்த வாய்ப்பாடு எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அக்கா அதை அனுப்பியதற்குக் காரணம் என் முதல் பிள்ளை. நாங்கள் இடம்பெயர்ந்து கொட்டில் ஒன்றில் இருந்தபோது அவன் பிறந்தான். நல்ல நிறையான பிள்ளை. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். ஒரு நாள்கூட இருக்கவில்லை. எனக்கு அப்போது சீனி இருந்திருக்க வேண்டும், அதனால்தான் பிள்ளை அவ்வளவு பெருத்தது, பிறந்தவுடன் பிள்ளையின் சீனி விழுந்திருக்கும் என்று மூன்று வருடம் கழித்து, இரண்டாவதைச் சுமந்தபோதுதான் ஒருவர் விளக்கிச் சொன்னார். இரண்டாவதிலும் ஐந்தாம் மாதத்தில் சீனி ஏறியிருந்தது. வீட்டில் ஒவ்வொரு நாளும் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டொக்டர். விடிய வெறும் வயிற்றில் தொண்ணூற்றைந்துக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போய்க்கொண்டிருந்தால் இன்சுலின் ஊசி. ஊசி மருந்தைக் குளிரில் வைக்க எங்கள் ஊரில் கரண்ட் இல்லை. ஆகவே பிள்ளை பிறக்கும் வரை வவுனியா ஆஸ்பத்திரி வாட்டில் படுக்க வேண்டும்.

எனக்குப் படுக்கப் பயம் இல்லை. அந்தக் கொப்பியில்தான் எனக்குப் பயம். முதல் தரம் யாரும் எதையும் அளக்கவில்லை. இந்த முறை அளக்கிறோம் என்றால், அளக்கிறது சரியாக இருக்க வேண்டும். அந்த எண்களை நம்பித்தான் என் பிள்ளை உள்ளே இருந்தது.

ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், காட்டோரம் எங்கள் காணி. என் கணவர் வயல் செய்கிறவர். ஆனால் அந்த மிஷினை அவர் கையாண்ட விதத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் பத்து வருடம் வேலை செய்தவர் என்று நினைப்பீர்கள். பட்டிகள் இருந்த குப்பிகளை வெக்கை படாமல் பிஸ்கற் ரின் ஒன்றில் போட்டு, வீட்டில் குளிர்ச்சியான இடமான தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியைத் திறந்து, ஒரு பட்டியை உருவி, திறந்த கை திரும்புவதற்குள் மூடிவிடுவார். அதற்குள் ஈரக்காற்றுப் போனால் பட்டி பழுதாகிவிடும் என்று அக்கா கடிதத்தில் இரண்டு தரம் எழுதியிருந்தார். இருந்தவை தீர்ந்தால் வேறு பட்டி வன்னியில் வாங்க முடியாது. ஆகவே ஒரு நாளைக்கு ஒன்று, கிழமையில் இரண்டு நாள் மட்டும் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொன்று. சந்தேகம் வந்தால் இன்னொரு தரம் குத்திப் பார்க்கிற ஆடம்பரம் எங்களுக்கு இல்லை.

எனக்கு என் விரலை நானே குத்த மனம் வராது. இவர்தான் குத்துவார். குத்துவதற்கு முன், "இஞ்சேர், அங்கால பார்" என்பார். நான் வேலியில் நிற்கிற கோழியைப் பார்ப்பேன். இவர் ஸ்பிரிற் தொட்ட பஞ்சால் துடைத்து, குத்தி, பிதுக்கி, எண்ணைப் பார்த்துப் பெருக்குவதற்குள் மாமி குசினியில் இருந்து விடையைச் சொல்லிவிடுவார். சித்திரை முழுக்க எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. குரக்கன் பிட்டும் கீரையும் தின்று தின்று எனக்கு வாழ்க்கையே வெறுத்திருந்தாலும், அந்த எண்களைக் கேட்கும்போது பெருமையாக இருந்தது.

பிறகு பாலைப்பழம் பழுத்தது.

வன்னியில் இருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாலை காட்டு மரம். பழம் மஞ்சளாய், வேப்பம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வாயில் போட்டால் தேன்தான். ஆனால் அதில் ஒரு பால் இருக்கிறது. நாலு பழம் தின்றால் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் பூசித்தான் கழற்ற வேண்டும். அந்த இரண்டு மாதமும் எங்கள் ஊரில் எல்லோருடைய கையும் வாயும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். யாரும் அதை அழுக்காக நினைப்பதில்லை.

இவரும் பக்கத்துக் காணிக்காரரும் யானைக்குப் பயந்து கூட்டமாகக் காட்டுக்குப் போய், சாக்கு விரித்துக் கிளையை உலுக்கிப் பின்னேரம் பழத்தோடு வருவார்கள். விடியக்காலை முதல் பஸ்ஸில் பழம் மாங்குளத்துக்குப் போகும். ஏ9 வீதியால் போகிறவர்கள் அங்கே நிறுத்தி ஆசையாக வாங்குவார்கள். பஸ் வருவதற்கு முன் நசிந்ததையும் காயையும் பொறுக்கி நீக்க வேண்டும். இருந்த இடத்தில் செய்கிற வேலை, பிள்ளைத்தாச்சிக்கு ஏற்றது என்று அதை என்னிடம் விட்டார்கள். சுளகு நிறையப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூட வாயில் போடாமல், அந்த வாசனையை மூக்கால் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு நான் பொறுக்குவேன். என்னை நானே மெச்சிக்கொள்ளுவேன். பிறகு கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவேன். பழத்தை பஸ்ஸில் ஏற்றிவிட்டு இவர் வந்ததும் விரலைக் குத்துவார்.

வைகாசி நடுவில் ஒரு நாள் மிஷின் எட்டு தசம் ஒன்று என்றது. மாமி குசினியில் இருந்து எதுவும் சொல்லவில்லை. இவர் கடதாசியில் இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தார். நூற்று நாற்பத்தாறு. அடுத்த நாள் நூற்று ஐம்பத்தைந்து. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன். பசியில் நித்திரை வரவில்லை. விடிய நூற்று அறுபது.

அன்றைக்கு மாமி தேன் போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நான் பார்த்துக்கொண்டிருக்கத்தான் பூட்டினார்.

"நான் தேனைத் தொடேல்லை மாமி" என்றேன்.

"ஆர் தொட்டதெண்டு சொன்னது" என்றார். பிறகு சுளகைப் பார்த்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பழமும் வாயில வைக்கேல்லை."

அவர் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்: "பிள்ளை, நாக்குக் கேக்கும். எனக்குத் தெரியாதே, நானும் பிள்ளைத்தாச்சியா இருந்தனான். ஆனா அவனைத் துணியில சுத்தித் தூக்கினது இந்தக் கைதான். இன்னொருக்கா என்னால ஏலாது."

ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன்.

அந்தக் கிழமை கிளினிக்கில் டொக்டர் கொப்பியைப் புரட்டிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். இளம் டொக்டர், நல்ல மனிதர். "வெறுவயித்தில நூற்றைம்பது. சாப்பிட்டு ரண்டு மணித்தியாலத்தால நூற்றுப் பத்து. வழமையா மற்றப்பக்கமாத்தான் வரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "விடிய எழும்பினவுடன ஏதும் குடிக்கிறனீங்களோ? பசியில ஏதும் சின்னதா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். இவர் நிலத்தைப் பார்த்தார். பத்து நாள் பார்ப்போம், இதே மாதிரி இருந்தால் வவுனியாவுக்குக் கடிதம் தருகிறேன், ஊசியைத் தொடங்க வேண்டும் என்றார் டொக்டர். திரும்பி வரும் வழியில் பஸ் முழுக்கச் சனம். இவர் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"இஞ்சேர், உண்மையைச் சொல்லு. ஒண்டு ரண்டு போட்டனியோ? நான் ஏசமாட்டன்."

"நீங்கள் ஏசுவீங்கள் எண்டோ நான் பயந்து கிடக்கிறன்?" என்றேன். "என்ர பிள்ளைக்கு நானே நஞ்சு வைப்பனோ?"

அதன் பிறகு இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. விரலை மட்டும் நீட்டினேன். அவரும் 'அங்கால பார்' என்று சொல்லவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாப்பிட்ட பிறகு நல்லாய் இருக்கிறேன், விடியலில் மட்டும் ஏறுகிறது. விடியலில் நான் எங்கே இருக்கிறேன்? பழச் சுளகுக்கு முன்னால். பொலிஸ் வந்தாலும் என்னைத்தான் பிடிக்கும். வாசனை மூக்கால் போய் இரத்தத்தில் கலக்குமோ என்றுகூட நான் யோசித்தேன். மாமி இப்போது விடிய எனக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்துகொண்டார். பழம் பொறுக்க உதவி என்று பேர். என் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் எச்சில் விழுங்கினாலும் பார்த்தார். அப்படி ஆறு நாள் காவல் இருந்தும் எண் இறங்கவில்லை. தான் கண் சிமிட்டுகிற நேரத்தில் நான் விழுங்கிவிடுகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எல்லோரும் என் வாயையே பார்த்தோம், நானும்தான். கையை யாரும் பார்க்கவில்லை.

கையைப் பார்த்தவர் எங்கள் பகுதி மிட்வைஃப். ஐம்பது வயது, சைக்கிளில் வருவார், எல்லோரையும் 'தங்கச்சி' என்பார். கிளினிக்கில் கொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு நாள் காலையில் நெடுங்கேணிக்குப் போகிற வழியில் சைக்கிளை எங்கள் வேலியில் சாத்தினார். இவர் அப்போதுதான் என் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த பஞ்சில் இருந்து இழைகள் விரலில் ஒட்டியிருந்தன. இவர் வழக்கம்போல வாயால் ஊதினார். போகவில்லை, நகத்தால் எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி" என்றார் மிட்வைஃப். "ஏன் பஞ்சு ஒட்டுது?"

"பாலைப்பழம் பொறுக்கினவ. கழுவிப்போட்டுத்தான் வந்தவ."

அவர் என் விரல் நுனியில் தன் விரலை அழுத்தி எடுத்தார். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. மாமி குசினி வாசலுக்கு வந்துவிட்டார்.

"எத்தினை பட்டி இருக்கு?"

"பதினொண்டு" என்றார் இவர், யாரோ பறிக்க வந்தது மாதிரி ரின்னை இழுத்து அணைத்துக்கொண்டு.

"ரண்டைச் செலவழிப்பம். முதல்ல இந்த விரலையே குத்துங்கோ."

எட்டு தசம் எட்டு. நூற்று ஐம்பத்தெட்டு. பிறகு அவர் தேங்காயெண்ணெய் கேட்டார். என் இரண்டு கையிலும் ஊற்றி, விரல் விரலாகத் தேய்த்து, சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவி, தன் கைலேஞ்சியால் ஈரம் இல்லாமல் துடைத்தார். மற்றக் கையில் ஒரு விரலைப் பிடித்து, தானே குத்தினார். மிஷின் யோசித்தது. நான் அன்றைக்குக் கோழியைப் பார்க்கவில்லை.

நான்கு தசம் ஒன்பது.

"எண்பத்தெட்டு" என்றார் மாமி. சொல்லிவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

மிட்வைஃப் ஆறுதலாக விளக்கினார். பழத்தின் பால் விரலில் மெல்லிசாய்ப் படிந்திருக்கிறது. அதற்குள் பழத்தின் இனிப்பு. சவர்க்காரத்துக்கு அது போகாது, ஸ்பிரிற்றுக்கும் போகாது. இரத்தத் துளி அதன் மேல் வந்து நிற்கும்போது இனிப்பும் கரைந்து வருகிறது. அப்படியென்றால் சாப்பிட்ட பிறகு எப்படிக் குறைந்தது என்று இவர் கேட்டார். அதற்கு நானே பதில் சொன்னேன். காலையில் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிகிறவள் நான். அந்த எண்ணெயில் கையில் ஒட்டியது கழன்றுவிடுகிறது. பிறகு சாப்பிட்டுக் கழுவிய கையைத்தான் குத்துகிறோம்.

"நல்லகாலம்" என்றார் மிட்வைஃப். "இந்தக் கணக்கை நம்பி ஊசி போட்டிருந்தா இல்லாத சீனியைக் குறைச்சிருப்பாங்கள். உங்களுக்கு மயக்கம் போட்டிருக்கும்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினாறு நாள் வைத்திருந்த கோபம் முழுதும் அழுகையாய் வந்தது. மாமி பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவர். அன்றைக்கும் கேட்கவில்லை. சுளகைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தப் பருவம் முடியும் வரை ஒரு பழத்தையும் என்னைத் தொட விடவில்லை. ஒவ்வொரு காலையும் செம்புத் தண்ணீரும் எண்ணெய்ப் போத்தலுமாக வந்து, தேவை இல்லாதபோதும், என் கையைத் தானே தேய்த்துக் கழுவிவிட்டார். அவருடைய கை சொரசொரப்பாய், கதகதப்பாய் இருக்கும். அவர் இல்லாத இந்த வருடங்களில் நான் அதிகம் நினைப்பது அந்தக் கையைத்தான்.

இவர் கொப்பியில் அந்தப் பதினாறு நாளையும் கிழிக்கப் போனார். மிட்வைஃப் தடுத்தார். "கிழிச்ச கொப்பியை டொக்டர் நம்பமாட்டார். இருக்கட்டும், பக்கத்தில காரணத்தை எழுதிவிடுங்கோ" என்றார். இவர் கதிரையில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினார். பாலைப்பழப் பால் ஒட்டியது என்று எழுதுகிறார் என்று நினைத்தேன். நான் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் கோபம்.

கிளினிக் நாளில் டொக்டர் முதலில் அங்கேயே என் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு கொப்பியைத் திறந்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில 'இவ சாப்பிடேல்லை' எண்டு எழுதியிருக்கிறீங்கள். பதினாறு தரம். கீழ ஒருக்கா எழுதினாக் காணாதோ?"

"நான் பதினாறு நாளும் சந்தேகப்பட்டனான் டொக்டர்" என்றார் இவர்.

வெளியே நாவல் மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நான் அவரோடு கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று நினைவில்லை. கச்சான் கடலை வாங்கித் தரச் சொல்லியிருப்பேன். அந்த மிஷினும் கொப்பியும் பிறகு வந்த இடப்பெயர்வில் போய்விட்டன. எந்த ஊரில் விட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. இப்போது ரவுனில் எந்த மருந்துக்கடையிலும் அப்படி மிஷின் கிடைக்கிறது. எண்ணை நேராகவே காட்டுகிறது, பெருக்க வேண்டியதில்லை. கொப்பியைத்தான் நான் இன்னும் தேடுகிறேன்.

ஆவணியில் மகள் பிறந்தாள். ஆறரை இறாத்தல். மெலிந்த, சுருங்கிய, கத்துகிற பிள்ளை. யாரும் மெச்சவில்லை, எனக்கு அது பெரிய நிம்மதி. நேர்ஸ் அவளுடைய குதிக்காலில் சின்னதாகக் குத்தி ஒரு துளி எடுத்துக்கொண்டு போனார். அவர் திரும்பி வரும் வரை நான் கதவிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

"நல்லாயிருக்கு" என்றார் வந்து. "பாலைக் குடுங்கோ."

பிள்ளையை என் நெஞ்சில் வைத்தார். நான் எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பிள்ளைக்கு உறிஞ்ச வலு இருக்கவில்லை. அவன் போன பிறகுதான் எனக்குப் பால் வந்தது.

"எப்பிடிப் பிடிக்கிறது மிஸ்?" என்று கேட்டேன்.

அவர் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "இது ரண்டாவது பிள்ளைதானே?"

"ஓம். ரண்டாவது" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் குடிக்கத் தொடங்கிவிட்டாள்.